உடைந்த சில்லில் ஒளிந்திருக்கும் முகவரி!

வீட்டில் மண்சட்டி கை தவறி உடைந்தால் என்ன செய்வோம்? 'அடடா, போச்சே' என்று கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு, சில்லுகளைக் கூட்டிக் குப்பையில் போடுவோம். பசிபிக் தீவுகளில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ அப்படித் தூக்கிப் போட்ட சில்லுகளை வைத்துத்தான், அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று இன்று தேடுகிறார்கள்!

அந்தப் பானைகளுக்கு 'லபிடா' என்று பெயர். 1952-ல் நியூ கலிடோனியாவில் அகழாய்வு நடந்த இடத்தின் பெயர் அது. பல் பல்லாக இருக்கும் அச்சை ஈர மண்ணில் அழுத்தி, புள்ளிப் புள்ளியாக அலங்கரித்திருப்பார்கள். பப்புவா நியூ கினி பக்கமுள்ள பிஸ்மார்க் தீவுகள் முதல் டோங்கா, சமோவா வரை இவை கிடைக்கின்றன. அவர்கள் எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. பானைதான் சாட்சி.

சரி, சில்லு எப்படிப் பேசும்? ரகசியம் மணலில் இருக்கிறது. வெறும் களிமண்ணில் பானை செய்தால் காயும்போதும் சுடும்போதும் விரிசல் விடும். அதனால் மணல் கலப்பார்கள். அங்கே தீவுக்குத் தீவு பாறை மாறும், மணலும் மாறும். சில்லில் ஒரு சீவலை வெட்டி 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால், வெளிச்சம் அதற்குள் ஊடுருவும். நுண்ணோக்கியில் பார்த்து, ஒவ்வொரு மணல் துகளும் என்ன கனிமம் என்று சொல்லிவிடலாம்.

இதைப் பல பத்தாண்டுகள் செய்தவர் அமெரிக்கப் புவியியலாளர் வில்லியம் டிக்கின்சன். அவர் பார்த்த பெரும்பாலான சில்லுகளில் இருந்தது உள்ளூர் மணல்தான். அதாவது, மக்கள் தீவு தீவாகச் சுமந்து போனது பானையை அல்ல, பானை செய்யும் வித்தையை.

ஆனால், டோங்காவின் நுகுலேகா கிராமத்தில் கிடைத்த சில சில்லுகளில் இருந்தது டோங்கா மணலே இல்லை. மேற்கே மெலனேசியா பக்கமிருந்து வந்தது என்று அவரும் தொல்லியலாளர் டேவிட் பர்லியும் 2001-ல் எழுதினார்கள். அப்படியானால், பாலினேசியாவில் முதலில் கரையேறியவர்கள் படகில் கூடவே கொண்டுவந்த பானை அது! அதே ஊரில் கிடைத்த பவள அரம் ஒன்றின் வயதை யுரேனியம்-தோரியம் முறையில் கணக்கிட்டபோது, சுமார் 2,800 ஆண்டுகள் என்று வந்தது. 8 ஆண்டுகள் முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான்.

பிற்காலத்தில் டோங்கா மக்கள் பானை செய்வதையே விட்டுவிட்டார்கள். மிச்சம் இந்தச் சில்லுகள்தான். டிக்கின்சன் 2015-ல் இறந்ததும் டோங்காவில்தான், ஆய்வுக்குப் போன இடத்தில்.

அடுத்தமுறை அருங்காட்சியகத்தில் உடைந்த சில்லு எதையாவது பார்த்தால், சட்டென்று நகர்ந்துவிடாதீர்கள். அதற்குள்ளும் ஒரு முகவரி இருக்கலாம்!