சொன்ன ஊரு வரலையே... காசை திருப்பி கொடு! நடுக்கடலில் மல்லுக்கட்டிய சொகுசு கப்பல் பயணிகள். நஷ்டஈடு யாருக்கு எவ்வளவு?

திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்து ஆம்னி பஸ்சில் ஏறுகிறார் ஒருத்தர். மதுரையிலேயே இறக்கி விட்டுட்டு, "வண்டி ரிப்பேர், இவ்வளவுதான்"னு டிரைவர் சொன்னா என்ன நடக்கும்? பஸ்சை மறித்து பாதி காசாவது வாங்காம யாரும் நகர மாட்டாங்க. அதில் யாருக்கும் ரெண்டு கருத்து இருக்காது.

ஆனால் அதே கதை கடலில் நடந்தால் பயணிகளுக்குள்ளேயே அடிதடி அளவுக்கு சண்டை வந்துவிடுகிறது. "முழு பணமும் வேணும்"னு ஒரு கோஷ்டி. "சாப்பிட்டீங்க, தூங்கினீங்க, ஆட்டம் பாட்டம் பார்த்தீங்க, அப்புறம் என்ன முழு பணம்?"னு இன்னொரு கோஷ்டி. சென்னை துறைமுகத்தில் இருந்தும் சொகுசு கப்பல் கிளம்ப ஆரம்பித்துவிட்ட நிலையில், இது எங்கேயோ வெளிநாட்டு பணக்காரங்க பிரச்சினைன்னு ஒதுக்கிவிட முடியாது. சீட்டு போட்டு, போனஸ் பணத்தை சேர்த்து, "ஒரு தடவையாவது கப்பல்ல போயிட்டு வந்துடலாம்"னு குடும்பத்தோடு ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

புதுச்சேரியில் நடந்தது என்ன?

2022-ம் ஆண்டு ஜூன் 4-ந்தேதி சென்னை துறைமுகத்தில் கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். மொத்தம் 11 மாடி. நீச்சல் குளம், தியேட்டர், ஓட்டல் என்று எல்லாம் உள்ளேயே. சென்னை, விசாகப்பட்டினம், புதுச்சேரி, மறுபடி சென்னை என்பது அதன் ஒரு ரூட்.

அடுத்த வாரமே சிக்கல் வந்தது. கப்பலில் சூதாட்ட கேசினோ இருக்கு, மது விருந்து நடக்குதுன்னு புதுச்சேரியில் அரசியல் கட்சிகள் போர்க்கொடி தூக்கின. அரசு அனுமதி கொடுக்கவில்லை. விசாகப்பட்டினத்தில் இருந்து வந்த கப்பல் புதுச்சேரி கடலில் தூரத்தில் நின்றது. கரையில் நின்றவர்கள் கப்பலை வேடிக்கை பார்த்தார்கள், கப்பலில் இருந்தவர்கள் கரையை வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் யாரும் இறங்காமலேயே கப்பல் சென்னையை நோக்கி கிளம்பியது.

இங்கேதான் கேள்வி வருகிறது. கப்பல் ஓடியது. சாப்பாடு வந்தது. கேபினில் ஏ.சி. போட்டது. ஆனால் புதுச்சேரியை பார்க்கலாம்னு டிக்கெட் எடுத்தவருக்கு புதுச்சேரி கிடைக்கலை. அவருக்கு நஷ்டமா, இல்லையா? நஷ்டம்னா எவ்வளவு? அனுமதி தராதது அரசாங்கம், அதற்கு கம்பெனி ஏன் பணம் தரணும்னு ஒரு பக்கம் கேட்கலாம். அனுமதி கையில் வராமலேயே ஊர் பேரை போட்டு டிக்கெட் விற்றது யார்னு இன்னொரு பக்கம் கேட்கலாம். ரெண்டாவது கேள்விக்குத்தான் வலு அதிகம். புயல் சொல்லிக்கொண்டு வராது. அனுமதி அப்படி இல்லை, கேட்டு வாங்க வேண்டிய விஷயம்.

ரியோவில் இறங்க மாட்டோம்!

இந்த சண்டை உலக அளவில் பெரிசாக வெடித்தது 2006-ம் ஆண்டு ஜனவரியில். கப்பலின் பெயர் குயின் மேரி-2. இங்கிலாந்தின் பழம்பெரும் குனார்டு கம்பெனிக்கு சொந்தமானது. நியூயார்க்கில் கிளம்பி, தென் அமெரிக்காவையே சுற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் ஒரு மாதத்துக்கும் மேலான பயணம். சுமார் 2 ஆயிரத்து 500 பயணிகள். முதல் கட்டம் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ வரை. நிறைய பேர் அதுவரைக்கும் மட்டும் டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் போர்ட் லாடர்டேல் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது, கப்பலின் அடிப்பகுதி கால்வாயின் ஓரத்தில் இடித்துவிட்டது. இந்த கப்பலுக்கு கீழே 4 புரொப்பல்லர் எந்திரங்கள். அதில் ஒன்று காலி. மறுபடி துறைமுகத்துக்கே திரும்பி, முக்குளிப்பவர்கள் இறங்கி சோதனை செய்து, மீதி 3 எந்திரத்தோடு கப்பல் கிளம்பியது. ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் வேகம் குறைந்துபோச்சு, நாளும் வீணாகிப்போச்சு.

ரியோவுக்கு குறித்த நாளில் போய்ச்சேரணும்னா வழியில் எங்கேயும் நிற்க முடியாதுன்னு கம்பெனி முடிவு செய்தது. செயின்ட் கிட்ஸ், பார்படோஸ், பிரேசிலின் சால்வடோர் மூன்றும் ரத்து. 2024-ல் இந்தியா டி20 உலகக்கோப்பையை தூக்கியதே, அந்த பார்படோஸ்தான். அதை பார்க்கணும்னு காசு கட்டியவர்கள் நாள் கணக்கில் தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டு போனார்கள்.

கம்பெனி முதலில் சொன்னது, பாதி பணம் தருகிறோம். பயணிகளில் ஒரு கூட்டம் கொதித்துவிட்டது. ரியோ வந்தாலும் கப்பலை விட்டு இறங்க மாட்டோம், உள்ளேயே உட்கார்ந்து போராட்டம் நடத்துவோம்னு மிரட்டினார்கள். உலகம் முழுக்க பத்திரிகைகளில் செய்தி வந்து நாறிப்போனது. இவர்கள் இறங்காவிட்டால் ரியோவில் ஏறவேண்டியவர்கள் எங்கே போவார்கள்? கம்பெனி இறங்கி வந்தது. கட்டணத்தை முழுசாகவே திருப்பி தருகிறோம்னு அறிவித்தது.

இதில் ஒரு விஷயத்தை கவனிக்கணும். கப்பலில் எல்லாரும் கொடி பிடிக்கவில்லை. இந்த மாதிரி கப்பலில் ஏறுகிறவர்கள் ரெண்டு ரகம். ஒருத்தருக்கு கப்பல் என்பது பஸ் மாதிரி. ஊர் ஊராக கொண்டுபோய் விடணும். இன்னொருத்தருக்கு கப்பல்தான் ஊரே. நல்ல சாப்பாடு, பாட்டு கச்சேரி, மேல்தளத்தில் சாய்வு நாற்காலி. ரெண்டு பேரும் ஒரே மாதிரி பணம் கட்டியவர்கள். முதல் ஆளுக்கு மூன்று ஊர் போனது மொத்த பயணமும் போன மாதிரி. ரெண்டாவது ஆளுக்கோ அது ஒரு பொருட்டே இல்லை, "எதுக்கு இவங்க இப்படி மானத்தை வாங்குறாங்க?"ன்னு பக்கத்து கேபின்காரர் மேல்தான் கோபம்.

ரெண்டு பேர் சொல்வதும் பொய் இல்லை. அதனால்தான் இந்த சண்டை சீக்கிரம் தீர்வதில்லை. டிக்கெட் விளம்பரத்தில் கம்பெனி எதை பெரிசாக போட்டு விற்றதோ, அதை வைத்துத்தான் நஷ்டத்தை அளக்கணும். ஊர் பேரை கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பிறகு "கப்பல்தானே முக்கியம்" என்பது சரக்கை மாற்றி கொடுக்கிற கதை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே குயின் மேரி-2 கப்பலின் புரொப்பல்லர் எந்திரங்கள் அடிக்கடி மக்கர் செய்கிறது, தயாரித்தவர்கள் மோசமாக செய்துவிட்டார்கள்னு, குனார்டின் தாய் நிறுவனமான கார்னிவல், ரோல்ஸ்-ராய்ஸ் மீது வழக்கு போட்டது. 2011-ம் ஆண்டு மியாமி கோர்ட்டில் ஜூரிகள் 2 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்கச்சொன்னார்கள். தான் வாங்கிய பொருள் சரியில்லை என்றால் கம்பெனி கோர்ட்டுக்கு போகும். பயணி கேட்டால் மட்டும் பாதியில் பேரம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

4 நாள் டூர் நாறிப்போன கதை

குயின் மேரியிலாவது சாப்பாடு, கக்கூஸ் எல்லாம் ஒழுங்காக இருந்தது. 2013-ம் ஆண்டு பிப்ரவரியில் கார்னிவல் டிரையம்ப் கப்பலில் நடந்தது வேறு ரகம்.

டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டனில் இருந்து பிப்ரவரி 7-ந்தேதி கிளம்பியது. மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்கு போய்விட்டு திரும்புகிற 4 நாள் டூர். 3 ஆயிரத்து 100-க்கும் அதிகமான பயணிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள். திரும்பும் வழியில் 10-ந்தேதி அதிகாலையில் எந்திர அறையில் தீ. டீசல் குழாயில் கசிவு. தீயை அணைத்துவிட்டார்கள், உயிர் சேதம் இல்லை. ஆனால் கரண்ட் போச்சு. கரண்ட் போனதும் ஏ.சி. போச்சு, கக்கூசில் தண்ணீர் போச்சு, சமையல் போச்சு. கப்பல் மெக்சிகோ வளைகுடாவில் சும்மா மிதக்க ஆரம்பித்தது.

சிவப்பு பிளாஸ்டிக் பைகளை கொடுத்து, இதில் மலம் கழியுங்கள்னு சொன்னார்கள். நாற்றம் தாங்காமல் படுக்கையை இழுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு வந்து, பெட்ஷீட்டில் கூடாரம் கட்டி படுத்தார்கள். சாப்பாட்டுக்கு மணிக்கணக்கில் வரிசை. இழுவை கப்பல்கள் வந்து, 14-ந்தேதி ராத்திரிதான் அலபாமா மாநிலம் மொபைல் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தன. அங்கிருந்து பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அந்த பஸ்களில் ஒன்று நடுவழியில் ரிப்பேராகி நின்றது தனி கொடுமை.

கட்டணம் முழுசாக வாபஸ், போக்குவரத்து செலவு, அடுத்த முறை பயணம் செய்ய அதே அளவு தொகைக்கு வரவு, மேற்கொண்டு தலைக்கு 500 டாலர். இதுதான் கம்பெனி கொடுத்தது. அன்றைய மதிப்பில் 500 டாலர் என்பது சுமார் 27 ஆயிரம் ரூபாய்.

"இதுக்கு மேல என்ன தரணும், போதும்"னு சிலர் வாங்கிக்கொண்டு போனார்கள். "5 நாள் நரகத்துக்கு 500 டாலரா?"ன்னு சிலர் கோர்ட்டுக்கு போனார்கள். அடுத்த பயணத்துக்கு வரவு என்பதும் யோசிக்கவேண்டிய சங்கதி. அந்த கப்பல் பக்கமே இனி தலை வைக்க மாட்டேன் என்பவருக்கு அந்த கூப்பன் வெறும் காகிதம்.

கோர்ட்டில் கம்பெனி எடுத்து வைத்த வாதம்தான் பலரை தூக்கிவாரிப்போட்டது. டிக்கெட் ஒப்பந்தத்தில் பத்திரமான பயணத்துக்கோ, கடலுக்கு ஏற்ற கப்பலுக்கோ, நல்ல சாப்பாட்டுக்கோ, சுகாதாரத்துக்கோ நாங்கள் உத்தரவாதம் எதுவும் கொடுக்கவில்லை என்றது. பொடி எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறார்கள்? படித்தாலும் மாற்றச்சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் இந்த பொடி எழுத்து செல்லும். 1991-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்து தம்பதி இதே கார்னிவல் கம்பெனி கப்பலில் போனபோது, மனைவி வழுக்கி விழுந்தார். சொந்த ஊரில் வழக்கு போட்டார்கள். டிக்கெட்டில் புளோரிடா கோர்ட்டுன்னு அச்சடித்து இருக்கு, நாட்டின் அடுத்த மூலைக்கு போய் அங்கேதான் போடணும்னு தீர்ப்பு வந்தது.

டிரையம்ப் கூத்துக்கு பிறகு 2013 மே மாதத்தில் கப்பல் கம்பெனிகளின் சங்கம் பயணிகள் உரிமை பட்டியல் ஒன்றை வெளியிட்டது. எந்திர கோளாறால் பயணம் ரத்தானால் முழு பணம், பாதியில் முடிந்தால் ஒரு பகுதி பணம் என்கிறது அது. நல்லதுதான். ஆனால் கப்பல் ஓடிக்கொண்டே இருந்து, வழியில் ஊர்களை மட்டும் விட்டுவிட்டால்? பயணம் ரத்தும் ஆகவில்லை, பாதியில் முடியவும் இல்லை. குயின் மேரி-2 பயணிகளோ, புதுச்சேரியை தூரத்தில் இருந்து பார்த்தவர்களோ இந்த பட்டியலை காட்டி பைசா கேட்க முடியாது.

நம்ம ஊரில் என்ன வழி?

ரெயில் என்றால் கணக்கு சுலபம். 3 மணி நேரத்துக்கு மேல் லேட்டாகி, நீங்கள் ஏறாமல் விட்டால் முழு பணத்தையும் கேட்டு விண்ணப்பிக்கலாம். சொகுசு கப்பலுக்கு அப்படி இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு ஏதும் கிடையாது. நுகர்வோர் கோர்ட்டுதான் வழி.

அதில் நம்மவர்களுக்கு ஒரு சவுகரியம் உண்டு. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, கம்பெனி எங்கே இருந்தாலும் புகார்தாரர் குடியிருக்கிற, அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே வழக்கு போடலாம். வியாசர்பாடிக்காரர் மும்பைக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கோர்ட்டு கட்டணமும் இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஒரு பக்கமாகவே எழுதப்பட்ட அநியாய ஒப்பந்தம்னு தனியாக புகார் செய்யவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு மாநில ஆணையத்துக்கு போகணும்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடும்னு நினைக்கவும் கூடாது. 2007 டிசம்பரில் டெல்லியில் இருந்து ஐதராபாத் போகவேண்டிய விமானம் மூடுபனியில் மாட்டிக்கொண்டது. மணிக்கணக்கில் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்த பயணி ஒருவர் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் நஷ்டஈடு வாங்கினார். 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது. மூடுபனிக்கு விமான கம்பெனி பொறுப்பாகாது, ஆனால் காத்திருக்கிற பயணியை கவனிக்கிற கடமை உண்டு என்பது அந்த தீர்ப்பின் சாரம். கப்பலுக்கும் இதே அளவுகோலை பொருத்திப்பார்க்கலாம். புயலால் ஒரு துறைமுகம் போனால் கேஸ் நிற்பது கஷ்டம். எந்திரத்தை பராமரிக்காமல் விட்டது, அனுமதி வாங்காமல் விற்றது என்றால் நிற்கும்.

ஆதாரம் இல்லாமல் போனால் மட்டும் ஒன்றும் நடக்காது. ஊர் பேர் போட்ட விளம்பரம், பணம் கட்டிய ரசீது, ஏஜெண்டு அனுப்பிய வாட்ஸ்-அப், கப்பலில் ஒட்டிய அறிவிப்பின் போட்டோ எல்லாம் கையில் இருக்கணும். கூப்பன் கொடுத்து கையெழுத்து கேட்டால், "இதோடு கணக்கு தீர்ந்தது"ன்னு எங்காவது எழுதி இருக்கான்னு பார்த்துவிட்டு போடணும். புகார் கொடுக்க 2 வருஷம் வரை டைம் இருக்கிறது. வழக்கு போடும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இலவசமாக பேசலாம். அதிலேயே கம்பெனிகள் சில நேரம் வழிக்கு வந்துவிடுவதும் உண்டு.