பத்தியமும் பகுத்தறிவும்

உடல் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையைச் சிறிதாக்கிக் கொள்ளும் ரண சிகிச்சை நமது நாட்டிலும் பரவி வருகின்றது. இதைப்பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு கட்சிக்காரர்களாகவே இருக்கின்றார்கள். ஒரு கட்சியார், "வாயைக் கட்டத் தெரியாத சோம்பேறிகள் வயிற்றை அறுத்துக் கொள்ளுகின்றார்கள்" என்று பரிகாசம் செய்கின்றார்கள். மற்றொரு கட்சியார், "ஒரு நாள் மேஜையில் படுத்து எழுந்தால் போதும், பிறகு எதைத் தின்றாலும் உடம்பு ஏறாது" என்று விளம்பரம் செய்கின்றார்கள். முந்தியது ஆணவம், பிந்தியது மூடநம்பிக்கை. இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்குகிறவன் நோயாளி ஒருவனேயாவான்.

முதலில் சோம்பேறி என்கின்ற வாதத்தை எடுத்துக் கொள்ளுவோம். பருத்த உடம்புள்ளவன் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் அவனுடைய உடம்பு சும்மா இருப்பதில்லை. பசியை உண்டாக்கும் 'கிரெலின்' என்னும் சுரப்பு அதிகமாகின்றது. உடம்பு செலவழிக்கும் சக்தியோ குறைகின்றது. அதாவது, உடம்பே இழந்த எடையைத் திரும்பப் பிடுங்கப் பார்க்கின்றது. இது யோக்கியதைக் குறைவா அல்லது இயற்கையின் கணக்கா என்று யோசித்துப் பாருங்கள். வாயைக் கட்டியே பலருக்கு எடை குறையும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மிகவும் பருத்துப்போய், சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்து வாட்டுகின்றவனிடத்தில் போய், "மனக்கட்டுப்பாடு போதாது" என்று உபதேசம் செய்வது, கால் முறிந்தவனிடத்தில் நடக்கச் சோம்பலா என்று கேட்பதைப் போன்றதேயாகும்.

யாருக்கு இந்தச் சிகிச்சை என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் ஓர் எண் வரும். 1991-ல் அமெரிக்க வைத்திய நிபுணர்கள் கூடி, அந்த எண் 40-க்கு மேலிருந்தாலோ, 35-க்கு மேலிருந்து கூடவே வியாதியிருந்தாலோ இதைச் செய்யலாம் என்றார்கள். 2022-ல் சர்வதேச நிபுணர் சங்கங்கள் அதை மாற்றி, 35 ஆனாலே போதும் என்றும், சர்க்கரை போன்ற வியாதி இருந்தால் 30-லேயே யோசிக்கலாம் என்றும், ஆசியாக் கண்டத்து மக்களுக்கு 27.5 முதலே யோசிக்க இடமுண்டு என்றும் சொன்னார்கள். அநுபவம் வளர வளர அளவும் மாறியிருக்கின்றது.

இந்தச் சிகிச்சையின் சரித்திரத்திலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கின்றது. 1954-ல் அமெரிக்காவில் மின்னசோட்டாவைச் சேர்ந்த வைத்தியர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியைச் சாப்பாட்டின் வழியிலிருந்து விலக்கி வைக்கும் முறையை வெளியிட்டார்கள். எடை குறைந்தது. ஆனால் சத்தும் உடம்பில் சேராமல் போய், ஈரல் கெட்டு, பலர் துன்பப்பட்டார்கள். பிறகு அம்முறை கைவிடப்பட்டது. 1966-ல் அயோவாவில் எட்வர்டு மேசன் என்பவர் இரைப்பையை ஒதுக்கி வழிமாற்றும் முறையைத் தொடங்கினார். இன்று அதன் திருந்திய வடிவமும், இரைப்பையில் முக்கால் பங்கிற்கு மேல் வெட்டியெடுத்துக் குழாயைப் போலாக்கும் முறையுமே அதிகமாக நடக்கின்றன. 1954-ஆம் வருஷத்து முறை தோற்றதற்குக் காரணம் கத்தியின் தவறல்ல. கத்திக்குப் பிறகு வயிற்றுக்குள் போகும் சத்தின் கணக்கு தவறியதேயாகும். ஆகவேதான் கத்தி பாதி, பத்தியம் பாதி என்கின்றோம்.

பத்தியம் என்றவுடன் நமது ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காரணம் கேட்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்றால் கொடுப்பதில்லை. கீரை கொடுக்காதே என்றால் கொடுப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "பெரியவர்கள் சொன்னார்கள்" என்பார்கள். காரணமில்லாத பத்தியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அநுசரித்த அதே ஜனங்கள், காரணமுள்ள பத்தியத்தை வைத்தியர் சொன்னால் மூன்றாம் நாளே மீறி விடுகின்றார்கள். இதற்கும் காரணம் ஒன்றுதான். கேட்டுத் தெரிந்து கொள்ளாதவனுக்கு எந்தப் பத்தியமும் தலையில் ஏற்றிய சுமைதான். ஆகவே ஒவ்வொன்றுக்கும் காரணத்தைப் பார்ப்போம்.

சிகிச்சைக்கு முன் பல ஆஸ்பத்திரிகளில் இரண்டு வாரம் வரையில் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்த, புரதம் நிறைந்த ஆகாரத்தைச் சொல்லுகின்றார்கள். ஏன்? ஈரலின் இடது பாகம் இரைப்பையின் மேல் படுத்திருக்கின்றது. பருத்தவர்களுக்கு அந்த ஈரலில் கொழுப்பு ஏறிப் பெருத்திருக்கும். வயிற்றில் சிறு துளைகள் இட்டுக் குழல் வழியாக வேலை செய்யும் வைத்தியர், அந்த ஈரலைத் தூக்கிப் பிடித்துக் கொண்டுதான் கீழேயுள்ள இரைப்பையைப் பார்க்க வேண்டும். ஈரல் பெருத்திருந்தால் பார்வை மறையும், இரத்தம் கசியும், ஆபத்து கூடும். இரண்டு வாரப் பத்தியத்தில் ஈரல் சுருங்கிக் கொடுக்கின்றது. காரணம் இவ்வளவுதான்.

ஆனால் நம்மவர் வீடுகளில் நடப்பதென்ன? "இனிமேல் உன்னால் சாப்பிட முடியாதே" என்று பந்துக்கள் கூடி, பிரியாணி ஒரு நாள், பாயசம் ஒரு நாள் என்று விருந்து வைக்கின்றார்கள். இது அன்பா? வைத்தியர் சுருக்கச் சொன்ன ஈரலை இவர்கள் ஊத வைக்கின்றார்கள்! இன்னும் சிலர் ஜோசியனிடம் போய் நாளும் நேரமும் குறித்துக் கொண்டு வருகின்றார்கள். இராகு காலம் தப்பி மேஜையில் படுத்தால் மாத்திரம் பெருத்த ஈரல் விலகி வழி விடுமா? நாள் பார்ப்பதில் காட்டிய கவனத்தில் பாதியைத் தட்டில் காட்டியிருந்தால் அதுவே நல்ல நாளாகியிருக்கும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. சர்க்கரை வியாதிக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் ஆகாரத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கி மயங்கி விழ நேரிடும். ஆகையால் பத்தியம் தொடங்கும் அன்றே மருந்தின் அளவையும் வைத்தியரிடம் கேட்டு மாற்ற வேண்டும். தானாக மாற்றக் கூடாது. புகை பிடிப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். புகை, தையல் ஆறுவதைக் கெடுக்கும்.

இனி சிகிச்சைக்குப் பின். வெட்டித் தைத்த இரைப்பை, புதிதாகப் பூசிய சுவரைப் போன்றது. ஆகவே முதல் ஓரிரண்டு நாட்கள் தெளிந்த நீர். வடிகட்டிய இரசம், தெளிந்த சாறு போன்றவை. பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் மோர், பால், பருப்புத் தண்ணீர் போன்ற நீர் ஆகாரம். அதன்பின் இரண்டு வாரம் மசித்த பருப்பு, மசித்த முட்டை முதலானவை. பிறகு மெதுவான பண்டங்கள். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பிறகே சாதாரண ஆகாரம். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இந்த நாட்கணக்கு சிறிது வித்தியாசப்படும். அவரவர் வைத்தியர் சொன்ன கணக்கே அவரவருக்குக் கணக்கு. அடுத்த வீட்டுக்காரர் மூன்றாம் வாரம் தோசை தின்றார் என்பது ஆதாரமாகாது.

குழாயாக்கப்பட்ட இரைப்பை சுமார் 100 முதல் 150 மில்லி வரை கொள்ளும். வழிமாற்று முறையில் ஒதுக்கும் பையோ சுமார் 30 மில்லிதான். இவ்வளவு சிறிய பையில் எதை முதலில் போடுவது? நமது வழக்கப்படி சோற்றை முதலில் போட்டால் அதோடு இடம் தீர்ந்துவிடும். உடம்புக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். வெந்த சோறு 100 கிராமில் இருப்பது இரண்டரைக் கிராம்தான். அந்தக் கணக்கில் சோற்றையே நம்பினால் இரண்டு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்! ஆனால் இரண்டு முட்டை, அரை லிட்டர் பால், 100 கிராம் மீன், 50 கிராம் பருப்பு இவைகளை நாள் முழுவதும் பிரித்துச் சாப்பிட்டால் ஏறக்குறைய 60 கிராம் சேர்ந்துவிடும். புரதம் போதாவிட்டால் குறைவது கொழுப்பு மாத்திரமல்ல, சதையும் கரையும், தலைமயிரும் கொட்டும். அதனால்தான் தட்டில் புரதம் முதலில், காய் பிறகு, சோறு கடைசியில் என்கின்றார்கள்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடி என்பதற்கும் காரணம் இடமின்மைதான். ஆனால் நாள் முழுவதும் சிறு சிறு வாயாக ஒன்றரை லிட்டராவது குடித்தாக வேண்டும். ஒரே மூச்சில் அண்ணாந்து ஊற்றும் பழக்கம் இனி உதவாது. சர்க்கரையும் இனிப்பும் ஏன் கூடாதென்றால், வழிமாற்றியவர்களுக்கு அது நேரே சிறுகுடலில் போய் விழுந்து, வியர்வை, படபடப்பு, வயிற்று வலி, பேதி எல்லாவற்றையும் அரை மணி நேரத்திற்குள் காட்டிவிடும். சாராயமோ வெகு சீக்கிரம் தலைக்கு ஏறும். வலிக்கு வாங்கி விழுங்கும் கடை மாத்திரைகள் பலவும் புண்ணை உண்டாக்கும். ஆகவே கேட்காமல் விழுங்கக் கூடாது.

வைட்டமின் மாத்திரைகளைப் பற்றித்தான் அதிக அலட்சியம். 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விழுந்து போவதையும், தீட்டாத அரிசி கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டார். தவிட்டிலிருந்த ஒரு சிறு சத்தே காரணம் என்று பின்னால் தெரிந்தது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்தச் சத்துதான் தயமின். உடம்பில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான். சிகிச்சைக்குப் பிறகு வாந்தி நிற்காமல் எடுப்பவர்களுக்கு அது தீர்ந்து, பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, புத்தியும் கலங்கும். இதைப் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடிக்க ஓடுவார்களேயானால் மூளைக்கு மீளாத கெடுதி வந்து சேரும். வாந்தி நிற்கவில்லையென்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பி12 என்பதோ இதற்கு நேர்மாறு. ஈரலில் அதன் இருப்பு வருஷக்கணக்கில் இருக்கும். அதனால் மாத்திரையை நிறுத்தியவன், "ஒன்றும் ஆகவில்லையே" என்று தைரியமாக இருப்பான். இரண்டு மூன்று வருஷம் கழித்து இரத்தம் குறைந்து கைகால் மரத்துப் போகும். இந்தச் சத்து பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு, காய்கறியில் இல்லை. ஆகவே மரக்கறி உண்பவர்கள் அதைப் பெருமையாக நினைத்தாலும் சரி, வழக்கமாக நினைத்தாலும் சரி, மாத்திரையிலோ ஊசியிலோ இருமடங்கு கவனம் வைக்க வேண்டும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் ஆயுள் முழுவதும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணி நேரம் விட்டுச் சாப்பிட வேண்டும். விரதம் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தண்ணீரையும் விட்டுப் பட்டினி கிடப்பது இந்த உடம்புக்கு ஆபத்து. எந்த விரதமாயினும் வைத்தியரைக் கேட்காமல் இருக்க வேண்டாம்.

இது நிற்க. இவ்வளவும் நோயாளி ஒருவன் மாத்திரம் செய்யக்கூடிய காரியமா? ஆண்மகன் சிகிச்சை செய்து கொண்டால் மனைவியும் தாயும் வேளைக்கு வேளை வடிகட்டியும் மசித்தும் கொடுக்கின்றார்கள். பெண் செய்து கொண்டால் என்ன நடக்கின்றது? மூன்றாம் வாரத்தில் அவள் அடுப்படியில் நின்று எல்லோருக்கும் வடை சுட வேண்டும். எல்லோரும் உண்ட பிறகு மிச்சமிருக்கும் சோற்றை உண்ண வேண்டும். முட்டை மிஞ்சினால்தான் அவளுக்கு. பிறகு அவளுக்கு மயிர் கொட்டினால், "ஆப்பரேஷன் செய்து கொண்டு கெட்டாள்" என்று ஊர் பேசுகின்றது. அவளைக் கெடுத்தது கத்தியா, கடைசிப் பந்தியா? சிகிச்சைக்குப் பிறகு ஒன்று ஒன்றரை வருஷம் கர்ப்பம் கூடாது என்று வைத்தியர்கள் சொல்லுகின்றார்கள். அதையும் அவள் ஒருத்தியே எப்படிக் காப்பாற்றுவாள்? புருஷனுக்கு அதில் பொறுப்பில்லையா?

வைத்தியர்களுக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். பத்தியச் சீட்டை இங்கிலீஷில் அச்சடித்து, நமது சந்தையில் கிடைக்காத சீமைப் பண்டங்களை அதில் எழுதிக் கொடுத்தால் யாருக்குப் பிரயோஜனம்? பாசிப்பயறும், பொட்டுக்கடலையும், மோரும், முட்டையும், நெத்திலியும் நமது ஊரில் இருக்கின்றன. தமிழில் எழுதிக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பணம் கட்டச் சொல்லும்போதே, ஆயுள் முழுவதும் மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் ஆகும் செலவையும் முன்கூட்டியே சொல்லுங்கள். மேஜை வரையில் உதவி செய்து, அதற்குப் பிறகு ஏழையைக் கைவிடும் எந்த ஏற்பாடும் அரை ஏற்பாடேயாகும்.

சுவீடன் தேசத்தில் 1987-ல் தொடங்கிச் சில ஆயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். சிகிச்சை செய்து கொண்டவர்களில் சாவு குறைந்திருந்தது என்று 2007-ல் வெளியிட்டார்கள். ஆகவே இந்தச் சிகிச்சை பொய்யல்ல. ஆனால் அது மந்திரமுமல்ல. பழைய தட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு எடையும் திரும்ப ஏறுகின்றது.

தோழர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரேனும் இதற்குத் துணிந்தால் பரிகாசம் செய்யாதீர்கள், விருந்தும் வைக்காதீர்கள். வைத்தியரிடம் கூடவே போங்கள். ஒவ்வொரு பத்தியத்திற்கும் ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்லாத வைத்தியரை விட்டுப் பதில் சொல்லுகிற வைத்தியரைத் தேடுங்கள். கேட்டுத் தெரிந்து கொண்ட காரணத்தை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். அப்பொழுதுதான் அந்தப் பத்தியம் நிலைக்கும்.