எண்ணிப்பார்க்க நீ யார்?

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் நமது கூட்டம் ஒன்று முடிந்து, தோழர்கள் நாற்காலிகளை மடக்கிக் கொண்டிருந்த சமயத்தில், பி.எஸ்ஸி. நர்சுப் படிப்பில் கடைசி வருஷம் படிக்கும் ஒரு பெண் தம் தகப்பனாருடன் வந்து நம்மைக் கண்டார். தகப்பனார் முக்கூடல் பக்கத்தவர். நமது பத்திரிகைக்குப் பழைய சந்தாதாரர். "அண்ணாச்சி, பிள்ளை ஒங்ககிட்ட என்னமோ கேக்கணுங்கு" என்று சொல்லிவிட்டு அவர் ஒதுங்கி நின்றார். அப்பெண் சொன்ன சங்கதியையே இவ்வாரத் தலையங்கத்திற்கு எடுத்துக் கொண்டிருக்கின்றோம்.

நர்சுப் படிப்பில் ஆராய்ச்சி என்பதும் ஒரு பாடம். பரீட்சை எழுதுவதோடு மாத்திரம் அது தீர்ந்துவிடாது. மாணவிகள் கூட்டாகச் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்து காட்டவும் வேண்டும். நமது பெண் தம் தோழிகளோடு யோசித்து ஒரு பொருளை எழுதிக் கொடுத்தார். அதாவது, வார்டில் ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்த நோயாளியைத் தொடுவதற்கு முன் டாக்டர்களும், நர்சுகளும், மாணவர்களும் எத்தனை தடவை கையைக் கழுவுகிறார்கள், எத்தனை தடவை கழுவாமல் போகிறார்கள், குழாயடியில் சோப்பு இருக்கின்றதா என்பதை ஒரு நோட்டில் குறித்துக் கணக்கெடுப்பது. இதற்குக் கிடைத்த பதில், "டாக்டர் கை கழுவுகிறாரா என்று எண்ணிப்பார்க்க நீ யார்?" என்பதாகும்.

அதன்மேல் வேறொரு பொருளைக் கொடுத்தார். அவருடைய தாயார் பீடி சுற்றுகின்றவர். காலையில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் ஆயிரம் பீடி கணக்குத் தீரும் வரையில் எழுந்திருப்பதில்லை. இருமல் உண்டு, இடுப்பு வலி உண்டு. தம் தெருவில் பீடி சுற்றும் பெண்களில் எத்தனை பேருக்கு இருமல், சுற்றாத பெண்களில் எத்தனை பேருக்கு இருமல் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார். அதற்கும், "உத்தரவு வாங்க வேண்டும், பஸ் செலவு ஆகும், நாள் போதாது, போன வருஷத்துத் தலைப்பையே எடுத்து ஊர்ப் பெயரை மாற்றிப் போடு" என்று யோசனை சொல்லப்பட்டதாம். கல்லூரியின் பெயரை நாம் வெளியிடப் போவதில்லை. வெளியிட்டால் அந்த ஒரு கல்லூரிதான் இப்படி என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

நிற்க, "நீ யார்?" என்ற இக்கேள்வி தாமிரபரணிக் கரைக்குப் புதிதல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு ஏன் என்று 1924, 1925-ம் வருஷங்களில் கேட்டவர்களைப் பார்த்தும் இதையேதான் கேட்டார்கள். பணம் பொதுப்பணம், பிள்ளைகள் எல்லோரும் பிள்ளைகள், பந்தி மாத்திரம் ஏன் இரண்டு என்றதற்கு, நியாயம் எதுவும் பதிலாக வரவில்லை. கேட்பவனுடைய யோக்கியதை என்ன என்ற எதிர்க்கேள்விதான் வந்தது. அன்று சாப்பாட்டுப் பந்தியில் இருந்தது இன்று ஆஸ்பத்திரி வார்டில் இருக்கின்றது. டாக்டர் யோசிக்கப் பிறந்தவர், நர்சு சொன்னதைச் செய்யப் பிறந்தவள் என்கின்ற இந்த ஏற்பாட்டிற்கு வருணாசிரமம் என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது?

நர்சு மாணவிகளுக்கு ஆராய்ச்சியில் அக்கறையில்லை என்று பலர் சுலபமாகச் சொல்லிவிடுகின்றார்கள். இது உண்மையன்று. பல தேசங்களில் நர்சு மாணவிகளையே கேட்டுப் பார்த்திருக்கின்றார்கள். ஆராய்ச்சி வேண்டியதுதான், அதனால் நோயாளிக்கு நன்மை உண்டு என்று பெரும்பாலோர் சொல்லுகின்றார்கள். அடுத்த மூச்சிலேயே, நேரமில்லை, வழிகாட்ட ஆளில்லை, புள்ளிக் கணக்கு என்றால் பயமாயிருக்கிறது, கண்டுபிடித்தாலும் வார்டில் ஒன்றையும் மாற்ற நமக்கு அதிகாரமில்லை என்றும் சொல்லுகின்றார்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்பது நமதபிப்பிராயம். எதை எண்ணினாலும் ஒன்றும் மாறப் போவதில்லை என்று தெரிந்தவனுக்கு எண்ணுவதில் என்ன ஊக்கம் வரும்?

நேரத்தின் சங்கதியைக் கொஞ்சம் பார்ப்போம். காலையில் வார்டு, மதியம் வகுப்பு, நடுவே இரவு வேலை. வார்டில் ஆள் குறைந்தால் மாணவியை நிறுத்திக்கொள் என்பது பல இடங்களில் எழுதாத சட்டமாக இருக்கின்றது. விடுதிக்குத் திரும்பிப் புத்தகத்தைத் திறக்கின்ற நேரத்தில் நூல்நிலையம் பூட்டியிருக்கும்.

இங்கிலீஷ் சங்கதி இதைவிட மோசமானது. பத்து, பன்னிரண்டு வகுப்புகள் தமிழில் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு ஆராய்ச்சிப் புத்தகம் முழுவதும் இங்கிலீஷில். கேள்வித்தாளையும் இங்கிலீஷிலேயே தயார் செய்து, பிறகு அதைத் தமிழாக்கி, அந்தத் தமிழைக் கொண்டுபோய் மேலப்பாளையத்திலோ வீரவநல்லூரிலோ ஒரு தாயாரிடம் வாசித்தால், அந்த அம்மாள் மாணவியின் முகத்தைப் பார்க்கின்றாள். "உங்கள் வாழ்க்கைத் தரத்தில் உங்களுடைய மனநிறைவு எந்த அளவில் உள்ளது?" என்று கேட்டால் சுளகை மடியில் வைத்திருப்பவள் என்ன பதில் சொல்லுவாள்? "ராத்திரி இருமாமல் தூங்குகிறீர்களா?" என்று கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். பாஷையைச் சேவகம் செய்யவைப்பதற்குப் பதிலாகப் பாஷைக்கே சேவகம் செய்யும் புத்தி இதுதான்.

இவ்வளவு கஷ்டப்பட்டு முடிவில் நடக்கின்ற ஆராய்ச்சி எப்படிப்பட்டது என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நமது தேசத்து நர்சுக் கல்லூரிகளில் ஒரே மாதிரியான ஆராய்ச்சி வருஷா வருஷம் அச்சாகி அலமாரியில் ஏறுகின்றது. சிலரை உட்காரவைத்து ஒரு விஷயத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது. பிறகு அதே விஷயத்தை அவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பது. ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பது. முன்னைவிட இப்போது அதிகமாகத் தெரிகின்றது என்று கட்டம் கட்டிக் காட்டுவது. சொல்லிக்கொடுத்தால் தெரியும் என்பதைக் கண்டுபிடிக்கத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரே போதுமே! தெரிந்துகொண்டவர்கள் அதன்படி நடந்தார்களா, ஆறு மாதம் கழித்தும் ஞாபகம் இருந்ததா, சொல்லிக்கொடுக்கப்படாத இன்னொரு தெருவில் என்ன நிலைமை என்பதை ஒருவரும் கேட்பதில்லை. நமது பெண்ணின் கூட்டத்துக்கும் கடைசியில் இந்த மாதிரி ஒன்றுதான் கிடைத்தது. காசு கொடுத்தால் முழுப் புத்தகத்தையும் எழுதிக் கட்டிக் கொடுக்கும் ஆட்கள் இருக்கின்றார்கள் என்பதும் ஊரறிந்த இரகசியம். திவசத்திற்குப் புரோகிதரை வைத்துக்கொள்வது போலத்தான் இதுவும். மந்திரம் அவனுக்கும் புரியாது, இவனுக்கும் புரியாது, தட்சிணை மாத்திரம் கைமாறும்.

இனி, கை கழுவுவதை எண்ணுவது அப்படி என்ன பெரிய குற்றம் என்று பார்ப்போம். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். டாக்டர் வார்டில் நூற்றுக்குச் சுமார் பத்துத் தாய்மார்கள் ஜன்னி கண்டு செத்தார்கள். மருத்துவச்சி வார்டில் நூற்றுக்கு நாலு பேர் கூட இல்லை. டாக்டர் வார்டுக்கு அனுப்பாதீர்கள் என்று கர்ப்பிணிகள் காலில் விழுந்து அழுதார்களாம். படியாத பெண்களுக்குத் தெரிந்திருந்த இந்த வித்தியாசத்தை இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் கணக்காக எழுதிப் பார்த்தார். பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று ஊகித்து, 1847 மே மாதத்தில் எல்லோரும் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் நூற்றுக்கு 2 சில்லறையாக இறங்கிற்று. பெரிய டாக்டர்கள் சந்தோஷப்பட்டார்களா? எங்கள் கை அசுத்தமா என்று கோபித்துக் கொண்டார்கள். 1865-ல் பைத்தியக்கார விடுதியில் அவர் இறந்தார். டாக்டராயிருந்த ஒருவரையே "நீ யார்?" என்று கேட்ட உலகம், நர்சு மாணவியைக் கேட்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் எண்பத்திரண்டு பேரோ தொண்ணூறு பேரோ அல்ல, நூற்றுக்குப் பதினாறு தாய்மார்கள் கூடுதலாகப் பிழைத்தது எண்ணிப் பார்த்ததனால்தான்.

நர்சுக் கல்லூரிகளில் வருஷந்தோறும் விளக்கேற்றும் சடங்கு ஒன்று நடக்கின்றது. வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் வரிசையாக நின்று விளக்கைப் பிடித்துச் சத்தியம் செய்வார்கள். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் ஞாபகமாம். அந்த அம்மையார் கையில் விளக்கு இருந்தது உண்மைதான். ஆனால் மற்றொரு கையில் கணக்கு நோட்டு இருந்ததே, அதை ஏன் ஒருவரும் பிடித்துக் கொண்டு நிற்பதில்லை? 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரி ஆஸ்பத்திரியில் சேர்ந்த சிப்பாய்களில் நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்று வர வழி செய்த சில மாதங்களுக்குள் அது நூற்றுக்கு 2 ஆயிற்று. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு வில்லியம் பார் என்ற கணக்கு நிபுணரோடு உட்கார்ந்து, எதிரியின் குண்டைவிட ஆஸ்பத்திரியின் அசுத்தமே அதிகம் பேரைக் கொன்றது என்பதை வர்ணப் படமாகவே போட்டு 1858-ல் சர்க்காருக்குக் காட்டினார். அதே வருஷம் லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தில் முதல் பெண் அங்கத்தினராகவும் ஆனார். அந்த அம்மையாரையும் கும்பிட வேண்டியதில்லை என்பதைச் சொல்லிவிடுகின்றோம். கெட்ட காற்றினால்தான் வியாதி வருகின்றது என்று நெடுங்காலம் நம்பி, கிருமி சங்கதியை ஒப்புக்கொள்ளத் தாமதித்தவர் அவர். ஆயினும் சர்க்காரைப் பார்த்துக் கணக்குக் கேட்டாரே, அந்தக் குணத்தைப் படிப்பிக்காமல் விளக்கை மாத்திரம் கொளுத்தினால், அது கார்த்திகைத் தீபம்தான்.

நம் நாட்டில் இந்தத் தொழிலையே தீட்டு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறர் உடம்பைத் தொடுவது, மலமூத்திரம் எடுப்பது, இராத்திரியில் வெளியே தங்குவது என்றெல்லாம் சொல்லி, மேல்சாதி வீடுகளில் இருந்து பெண்களை அனுப்பவில்லை. கிறிஸ்தவப் பெண்களும் ஏழைப் பெண்களும் விதவைகளும்தான் முன்வந்தார்கள். 1946-ல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்சு என்று இருந்தது. அதே 1946-ல்தான் வேலூரிலும் டில்லியிலும் நர்சுப் படிப்புக்குப் பட்டம் வந்தது. பட்டம் கொடுத்துவிட்டு, பட்டதாரி செய்ய வேண்டியதைச் செய்யக் கூடாது என்றால், பூணூலைப் போட்டுவிட்டுக் கோவிலுக்குள் விடாத கதையாகத்தான் முடியும்.

ஆசிரியைகளை மாத்திரம் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. மாணவி ஒருத்தி காகிதமும் கையுமாக நமது தெருவுக்கு வந்தால் நாம் என்ன செய்கின்றோம்? அவள் கேட்பது வீட்டு அம்மாளை. பதில் சொல்வது வாசலில் நிற்கும் புருஷன். "அவளுக்கென்ன தெரியும், நான் சொல்லுதேன் எழுதிக்கோ" என்கின்றான். இருமுவது அவள், இருமல் இல்லை என்று சொல்வது இவன்! கூட்டத்தில் பெண் விடுதலைக்குக் கை தட்டுகின்ற தோழர்கள் வீட்டிலும் இதுதான் நடக்கின்றது. குழந்தை எப்படி இறந்தது என்று கேட்டால், எல்லாம் ஆண்டவன் செயல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றார்கள். அந்த ஒரு வார்த்தையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் மாணவி விழிக்கின்றாள். சிறு பிள்ளையில் "ஏன்?" என்று கேட்ட பெண்ணை "வாயாடி" என்று அடக்கி வளர்த்துவிட்டு, இருபது வயதில் திடீரென்று ஆராய்ச்சி செய் என்றால் எங்கிருந்து வரும்?

அப்பெண் நம்மைக் கேட்க வந்த கேள்வியை இதுவரை சொல்லவில்லை. 2018 அக்டோபரில் தாமிரபரணியில் மகா புஷ்கரம் என்று 144 வருஷக் கதை கட்டி இலட்சக்கணக்கில் ஜனங்களை ஆற்றில் முழுக வைத்தார்கள் அல்லவா? அப்போது நமது பத்திரிகையில், புஷ்கரத்தினால் வயிற்றுப்போக்கும் சொறி சிரங்கும் பெருகிவிட்டன என்று நாம் எழுதியிருந்தோம். தகப்பனார் எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய இதழை அப்பெண் கையில் கொண்டு வந்திருந்தார். "ஐயா, பெருகின என்று போட்டிருக்கீங்களே, எதைவிட? அதுக்கு முந்தின வருஷம் அதே மாசம் ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் வந்தாங்க? ஐப்பசி மழை பிறந்தா வருஷா வருஷம் வயிற்றுக் கோளாறு வரத்தானே செய்யும்? புஷ்கரம் நடக்காத ஊர்ல பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

நம்மிடம் பதில் இல்லை. கல்லூரியின் ஆராய்ச்சியில் முன்னும் பின்னுமாவது இருந்தது; நம்மிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை, காதில் விழுந்த பேச்சு மாத்திரம் இருந்தது. நமக்குப் பிடித்த முடிவாக இருந்ததனால் நாமும் எண்ணிப் பார்க்கவில்லை.

எனவே, பாபநாசத்தில் பாவம் தீர்க்கிறோம் என்று துணிகளை ஆற்றில் எறிவதனால் ஆறு கெடுகின்றது என்று எழுதியதை நாம் மாற்றிக் கொள்ளவில்லை. அது கரையில் நின்று பார்க்கிற எவர் கண்ணுக்கும் தெரிவது. 144 வருஷக் கதை கதைதான் என்பதையும் மாற்றிக் கொள்ளவில்லை. புஷ்கரத்தினால் வியாதி பெருகிற்று என்று எழுதியதை மாத்திரம், அதற்கு ஆதாரம் இல்லாததால், இதன்மூலம் வாபஸ் வாங்கிக் கொள்கின்றோம்.