குடுவைக்குள் ஜெயித்த மஞ்சள்

அப்பத்தா என் பெயரை மறந்த வருஷம், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள். "மஞ்சள் பால் குடுங்க, அமெரிக்காக்காரனே கண்டுபிடிச்சிட்டான்." அவள் ஆயுள் முழுக்க அம்மியில் மஞ்சள் அரைத்தவள். அத்தனை மஞ்சள் காப்பாற்றாத மூளையை ஒரு டம்ளர் பால் காப்பாற்றுமா என்று யாரும் கேட்கவில்லை.

அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது பொய்யில்லை. 2001இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்சைமர் வரும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு மஞ்சளில் உள்ள குர்குமினைக் கொடுத்தார்கள். மூளையில் அமிலாய்டு படிவு குறைந்தது. 2005இல், அந்தப் புரதம் திரள்வதையே குர்குமின் தடுக்கிறது என்று சோதனைக்குழாயில் காட்டினார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். புரதம் திரள்வதை அளக்கப் பெரும்பாலும் தயோஃப்ளேவின்-டி என்ற சாயத்தைச் சேர்ப்பார்கள். புரத இழைகளில் ஒட்டினால் அது ஒளிரும். ஒளி குறைந்தால் இழை குறைந்தது என்று கணக்கு. ஆனால் குர்குமினும் ஒரு சாயம்தானே! நம் வேட்டியில் கறையாக நிற்கும் அதே சாயம். அந்த ஒளியை அதுவே விழுங்கிவிடும். இழை உடைந்ததா, விளக்கு அணைந்ததா? பல சோதனைகளில் இந்தக் கேள்விக்கே பதிலில்லை.

சரி, மனிதர்களிடம்? 2012இல் வெளியான ஆய்வில் அல்சைமர் நோயாளிகள் 36 பேரைச் சேர்த்து, 24 வாரம் குர்குமினையும் வெற்று மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். தினம் 4 கிராம் வரை கொடுத்தும் பலன் தெரியவில்லை. ரத்தத்தில் குர்குமின் சேர்ந்ததே சொற்பம். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். 4 கிராம் வேண்டுமென்றால் தினம் 130 கிராம் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். அது குழம்பா, சுவருக்கு அடிக்கிற வண்ணமா?

2018இல் வந்த ஒரு சிறு ஆய்வு நினைவாற்றல் கூடியதாகச் சொன்னது. அதையும் மறைக்கவில்லை. ஆனால் அதில் இருந்தது 40 பேர், யாருக்கும் மறதிநோய் கிடையாது. கொடுத்ததும் உடல் உறிஞ்சும்படி தனியாகத் தயாரித்த குர்குமின், பால் அல்ல.

"நம்ம முன்னோர் முட்டாளா?" என்பார்கள். இல்லை. 1995இல் மஞ்சளின் காயமாற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். பழைய நூல்களைச் சாட்சியாக வைத்து 1997இல் அதை ரத்து செய்ய வைத்தோம். அன்று ஆதாரம் காட்டி ஜெயித்த நாம்தான் இன்று ஆதாரம் கேட்டால் கோபப்படுகிறோம். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. இத்தனை மஞ்சள் தின்கிற நாட்டில்!

மஞ்சள் பாலை நம்பி எங்களுக்கு ஒரு வருஷம் போனது. கடைசியில் போய்ப் பார்த்த நரம்பியல் மருத்துவர் முதலில் எழுதியது பி12, தைராய்டு பரிசோதனைகள். சரிசெய்யக்கூடிய மறதியா என்று பார்க்க. அப்பத்தாவுக்கு அது இல்லை. இருந்திருந்தால்? அந்தக் கேள்வியை ஒரு வருஷம் பாலில் கரைத்துக் குடித்திருக்கிறோம்.

மஞ்சள் குழம்பில் இருக்கட்டும். அப்பத்தா கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிய ராத்திரிகளில் அம்மாதான் விழித்திருந்தாள். வைத்தியம் சொன்னவர்களில் ஒருத்தர்கூட ஒரு ராத்திரி வந்து உட்காரவில்லை.