செத்த புலியின் மீது வைத்த கால்

அரண்மனைகளைக் காணச் சென்றிருப்பீர்கள், தோழரே! நுழைவுச் சீட்டு வாங்கி, செருப்பைக் கழற்றி, பளிங்குத் தரையிலே பையப்பைய நடந்திருப்பீர்கள். சுவரெல்லாம் புலித் தலைகள், காட்டெருமைக் கொம்புகள். அவற்றின் கீழே ஒரு நிழற்படம். தரையிலே செத்த புலி. புலியின் முதுகிலே ஒரு கால். காலுக்குரிய கோமானின் கையிலே துப்பாக்கி, முகத்திலே முறுவல்! "என்னே வீரம்!" என்பான் வழிகாட்டி. வந்தவர்கள் தலையாட்டுவர். ஏடுகள் சிலவும் அந்த நாள் வேட்டைவீரர் என்று இன்றளவும் ஏற்றிப் போற்றி எழுதுகின்றன.

வீரமா அது?

நாடகக்காரன் நான். மேடையிலே தெரிவதை மட்டும் நம்பும் வழக்கம் எனக்கில்லை. திரைக்குப் பின்னே கயிறு இழுப்பவன் யார் என்றுதான் என் கண் தேடும். இந்தப் படத்தின் பின்னேயும் பார்ப்போம், வாருங்கள்.

படத்திலே நிற்பவர் ஒருவர். படத்திலே இல்லாதவர் எத்தனை பேர்! விடியுமுன்னரே ஊர் ஊராய்த் திரட்டப்பட்ட உழவரும் காட்டுக்குடிகளும் பறை கொட்டி, தகரம் தட்டி, காட்டை வளைத்துக்கொண்டு நடப்பர். கையிலே கம்பு, காலிலே செருப்பும் இராது. புலியின் இயல்பு யாது? ஆரவாரம் கேட்டதும் ஆள்மீது பாய்வதன்று. ஓசைக்கு விலகி, ஓடைச் சரிவிலும் புதர் மறைவிலும் ஒதுங்கி நழுவுவதே அதன் இயல்பு. அப்படி நழுவும் வழியிலேதான் மரத்தின்மீது பரண், பரண்மீது கோமான்! முதல்நாள் இரவு ஓர் எருமைக் கன்றைக் கட்டிவைத்திருப்பார்கள். அடித்த இரையை விட்டு நெடுந்தொலைவு போகாமல், தின்று, நீரருந்தி, அருகிலேயே படுத்துக்கிடக்கும் புலி. இத்தனையும் அறிந்தவன் யார்? தடம் பார்த்து, எச்சம் பார்த்து, மானும் குரங்கும் எழுப்பும் எச்சரிக்கைக் குரல் கேட்டு, "இந்தப் புதரிலே இருக்கிறது" என்று சொன்ன காட்டுக்குடி! கோமான் அறிந்தது விசையை இழுக்க. குறி தவறி, குண்டடிபட்ட புலி சீறித் திரும்பினால் அதன் எதிரே நிற்பவன் எவன்? பரணிலே இருப்பவனா? கம்பு பிடித்தவன்!

அந்தத் தலைகளைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லவில்லை நான். தொங்கட்டும். தடம் பார்த்தவர் எவர், பறையடித்தவர் எத்தனை பேர், கன்றுக்குட்டி எந்த ஏழையினுடையது, கூலி எவ்வளவு, மாண்டவர் எவர் என்று ஒவ்வொரு தலையின் கீழும் ஒரு பலகை மாட்டச் சொல்கிறேன். மாட்டுவார்களா?

1911 டிசம்பரிலே தில்லி தர்பாரை முடித்துக்கொண்டு நேபாளக் காடு புகுந்தார் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். இரண்டு வாரத்திற்குள் அவரும் அவர் பரிவாரமும் வீழ்த்தியவை 39 புலிகள், 18 காண்டாமிருகங்கள். 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோவின் கூட்டம் பரத்பூர் ஏரியிலே ஒரே நாளில் சுட்டுக் குவித்த பறவைகள் 4,273! பனிக்கு அஞ்சி மலை கடந்து, ஆண்டுதோறும் அதே நீர்நிலையை நம்பி வந்திறங்கும் பறவைகள் அவை. அந்த நம்பிக்கையைத்தான் சுட்டார்கள். நாணமும் இல்லை, எண்ணிக்கையைக் கல்லிலே வெட்டி நட்டிருக்கிறார்கள். சர்குஜா மன்னரோ 1,100 புலிகளுக்கு மேல் சுட்டதாகத் தாமே சொல்லிக்கொண்டவர்!

இவற்றினும் கொடுமை 1947இல் நடந்தது. கொரியா என்றொரு சமஸ்தானம். கிழக்காசியக் கொரியா அன்று, இன்றைய சத்தீஸ்கரிலே உள்ளது. இரவு நேரம். காரிலே போகிறார் அவ்வூர் மன்னர். விளக்கொளியிலே மூன்று சிவிங்கிப்புலிகள், ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. மூன்றும் ஆண், மூன்றும் ஒரே ஈற்றுக் குட்டிகள். தாயைப் பிரிந்த பின்னும் உடன்பிறந்த ஆண்கள் பிரியாமல் கூடி வாழ்வது அவ்வினத்தின் வழக்கம். அண்ணன் தம்பியாய் அமர்ந்திருந்தன! ஓட்டத்தில் நிகரில்லாத அந்த உயிர்கள் ஓடவில்லை. ஒளியிலே கண்கூசி இருந்த இடத்திலேயே இருந்தன. முதற் குண்டுக்கு ஒன்று. இரண்டாவது குண்டு ஒன்றைத் துளைத்துப் பின்னால் இருந்ததையும் கொன்றது. சிக்கனமான வீரம்! செய்தியைப் பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழின் ஆசிரியர்களே அருவருப்புற்று, கடிந்து எழுதினார்கள். இந்த மண்ணிலே அந்த இனத்தைப் பற்றிக் கிடைத்த கடைசிச் சான்றுகளுள் ஒன்று அது. 1952இல் அழிந்தொழிந்தது என்று அறிவித்தாயிற்று. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டினை விமானம் ஏற்றிக் குனோ காட்டிற்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

விலங்குக்கு மட்டுமா கேடு? சம்பாவத்துப் பெண்புலியின் கதை கேளுங்கள். நேபாளத்தில் 200 பேர், குமாவூனில் 236 பேர், ஆக 436 உயிர்களைக் குடித்தது என்பது 1907இல் அதனை வீழ்த்திய ஜிம் கார்பெட் தரும் கணக்கு. விறகொடிக்கவும் புல்லறுக்கவும் போன ஏழைப் பெண்கள் எத்தனை பேர் அதிலே! வீழ்த்திய பின் வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலப்புறக் கோரைப்பற்களில் மேற்பல் பாதியாய், கீழ்ப்பல் எலும்பு வரை உடைந்திருந்தன. என்றோ ஒருவன் சுட்ட குண்டின் வேலை! இயல்பான இரையைக் கடித்து வீழ்த்த இயலாத புலி எளிய இரையைத் தேடிற்று. காயப்படுத்திய விலங்கைப் பின்தொடர்ந்து அதன் துன்பத்தை முடிக்காமல், தேநீருக்கு நேரமாயிற்று என்று திரும்பிப் போனானோ என்னவோ, பெயரறியா அந்தப் பெருமகன்! 436 பேரின் சாவை எவன் கணக்கிலே எழுதுவது, தோழரே?

"அவர்கள் வேட்டைக்காடு வைத்திருந்ததால்தானே இன்று சரணாலயங்கள் இருக்கின்றன?" என்று கேட்பார்கள். உண்மை இல்லாமலில்லை, பரத்பூரும் ரந்தம்பூரும் அப்படி மிஞ்சியவையே. ஆனால் யாருக்காகக் காத்தார்கள்? தங்கள் துப்பாக்கிக்காக! அல்வர் சமஸ்தானத்தில் மன்னர் வேட்டைக்கென வளர்ந்த காட்டுப்பன்றிகள் பயிரை உழுது தள்ளின. அவற்றைக் கொல்ல உழவனுக்கு உரிமையில்லை. 1921இல் உழவர் கிளர்ந்தெழுந்ததே அதனால்தான்.

உயிரினத்தை உள்ளபடி அறிந்தவன் தேவைக்குமேல் தொடமாட்டான். அவனுக்கு நாளையும் பசிக்கும் அல்லவா? நீரின் நிறமும் ஓட்டமும் பார்த்து வலை விரிக்கும் கட்டுமரக்காரனைக் கேளுங்கள், மீன் எப்போது சினை கொள்ளும் என்று சொல்வான். கண் சிறுத்த இழுவை மடியை அடிக்கடலிலே தேய்த்துக் குஞ்சோடு வாரும் முதலாளிக்கு அது தேவையில்லை. வாரிய குஞ்சு கோழித் தீவனத்திற்குப் போகிறது! ஏப்ரல் 15 முதல் 61 நாள் நம் கிழக்குக் கரையிலே விசைப்படகு கடலுக்குப் போகாதே என்று அரசு தடுக்க வேண்டியிருக்கிறது.

செங்கல்பட்டுப் பக்கம் வடநெம்மேலிக்கு ஒருமுறை போய்வாருங்கள். இருளர் பெருமக்கள் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. பாம்புத் தோல் வணிகருக்கு முன்பு கூலிக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். 1972இன் வனவிலங்குச் சட்டமும் அதன்பின் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்தின. நிறுத்தியது சரியே. ஆனால் ஆயிரம் புலி சுட்டவருக்கு அரண்மனை. வளை தோண்டியவனுக்கு வறுமை, வழக்கு! பிறகு அதே அறிவைக் கொண்டு வேறு தொழில் கண்டார்கள். புழுதியிலே கிடக்கும் மெல்லிய கோட்டைப் பார்த்து, போனது நல்லபாம்பா விரியனா என்று சொல்லும் கண். எந்த வளையிலே உரித்த சட்டை, எந்த வளையிலே எலி என்று அறியும் விரல். பிடித்த பாம்பைச் சில வாரம் பானையிலே வைத்து, நஞ்சை எடுத்து, வயிற்றுச் செதிலிலே அடையாளம் வெட்டி, மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். அடையாளம் எதற்கு? அண்மையில் நஞ்செடுத்த பாம்பையே மறுபடி பிடித்து வருத்தாதிருக்க! அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ வந்தது.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சிலிருந்துதான் இந்நாட்டின் பாம்புக்கடி மருந்து உருவாகிறது. அந்த நஞ்சிலே பெரும்பங்கு இவர்கள் கையால் எடுத்தது. கோமான் வீட்டுப் பேரனைப் பாம்பு தீண்டினாலும் ஊசியிலே ஏறுவது அந்த மருந்தே!