நூற்பட்டியலுக்கு ஒரு நிரல்வாயில்: எங்கள் வாசகர் வட்டத்தின் நிலைப்பாடு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையின் இருமருங்கிலுமுள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டு, விடுமுறை நாள்களில் கூடி நூல்களைப் பற்றிப் பேசிவரும் எங்கள் வட்டத்தின் அங்கத்தினர்கள், பொது நூலகங்களின் இணைய நூற்பட்டியலை வாசகர்கள் கணினி நிரல் எழுதி அணுகுவது உரிமையா அத்துமீறலா என்னும் வினாவைப் பல கூட்டங்களில் விவாதித்து ஒருமித்த அபிப்பிராயத்துக்கு வந்திருப்பதால், அதைப் பகிரங்கமாகத் தெரிவிப்பது அவசியமெனக் கருதுகிறோம். நூற்பட்டியல் பொதுச்சொத்து, மனிதர் கண்ணால் படிக்க ஒரு பக்கம் இருப்பதுபோல், நிரல் படிப்பதற்கும் முறையான வாயிலொன்றை நூலகமே திறந்துவைக்க வேண்டும் என்பதே அந்த அபிப்பிராயம்.

இப்பகுதியின் வாழ்க்கையை அறியாதவர்க்கு இக்கோரிக்கை விசித்திரமாகத் தோன்றலாம். இங்குள்ள வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட மகளிர் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடமுண்டு. பி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் நள்ளிரவை ஒட்டி வந்திறங்கும் ஒரு பெண், நூலகம் திறந்திருக்கும் வேளையில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறாள், அல்லது லைனில் நின்றுகொண்டிருக்கிறாள். வாரத்துக்கொரு நாள் வாய்க்கும் விடுமுறையில், பஸ் மாறி மாறிக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ எழும்பூர்க் கன்னிமாராவுக்கோ போய்ச் சேர்ந்தபின், நாடிவந்த நூல் அங்கில்லை என்று அறிவதைவிட, புறப்படுமுன்பே அறிந்துகொள்வது எத்தனை பெரிய சௌகரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் ஒன்று முழுவதும் வாசகரின் காலத்தைப் பற்றியதுதான். அதே ஆண்டில்தான் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றார் என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறோம். எங்களுக்கு வண்டிகூட வேண்டாம். பட்டியல் வந்தால் போதும்.

எங்களுடைய அநுபவத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நியாயம். தொழிற்சாலையில் இயந்திரங்களை இயக்கும் பிஎல்சி நிரல் எழுதும் அங்கத்தினர் ஒருவர், பைத்தானில் சுமார் நாற்பது வரி எழுதி, படிக்க விரும்பும் நூல்களை நாங்கள் குறித்துவைக்கும் நோட்டுப்புத்தகத்திலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக மூன்று நூலகங்களின் நூற்பட்டியல்களில் வினவி, சனிக்கிழமை இரவு விடையை வாட்ஸ்அப் குழுவில் இடுமாறு செய்தார். முறையான வாயில் இல்லாத இடத்தில், மனிதர் பார்ப்பதற்காக அமைத்த பக்கத்தையே வரவழைத்து, இரண்டாம் பத்தியில் உள்ளது தலைப்பு, மூன்றாம் பத்தியில் உள்ளது ஆசிரியர் என்று ஊகித்துப் பிய்த்தெடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்கவில்லை. சில வாரங்கள் சென்றபின் ஒரு நூலகத்தார் பக்கத்தின் அமைப்பை மாற்றினர், அந்தச் சனிக்கிழமை, புதுமைப்பித்தன் சிறுகதைத் தொகுதி ஒன்றின் ஆசிரியர் பெயர் “894.811” என்று வந்தது. தமிழ் இலக்கியத்துக்குரிய டியூயி எண் அது. சிரித்துவிட்டோம். ஆனால் மற்றொரு நாள் நிரலில் நேர்ந்த பிழையால் ஒரே வினா இடைவெளியின்றி மீண்டும் மீண்டும் சென்றுகொண்டேயிருந்து, அந்நூற்பட்டியல் எங்களுக்கே திறவாமற் போயிற்று; எங்களைப் போலவே வேறு எத்தனை வாசகர்களுக்குத் திறவாமற் போயிற்றோ! அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை, தவறு எங்களுடையதுதான்.

இவ்விரண்டு விபரீதங்களுக்கும் பரிகாரம் ஒன்றே. நூலகக் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான இசட்39.50 என்னும் நெறி 1988-லேயே அமெரிக்காவில் வகுக்கப்பட்டு, பின்னர் இணையத்துக்கேற்ப எஸ்ஆர்யூ என்ற எளிய வடிவமும் பெற்றது. அதன்படி வினாவை ஒரு முகவரி வரியிலேயே எழுதி அனுப்பினால், 100 என்ற புலத்தில் ஆசிரியரும் 245 என்ற புலத்தில் தலைப்புமாக, பக்கத்தின் அழகு மாறினாலும் மாறாத பதிவேடு விடையாக வரும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இவ்வாயிலை உலகத்தார் யாவருக்கும் திறந்துவைத்திருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகமோ 2012-இல் தன் பதிவேடுகளில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேற்பட்டவற்றை எவரும் எடுத்தாளலாம் என்று கொடுத்தேவிட்டது. நம் நாட்டு நூலகங்கள் பல பயன்படுத்தும் கோஹா மென்பொருள், நியூஸிலாந்தின் சிற்றூர் நூலகங்களுக்காக 1999-இல் எழுதப்பட்டது. மௌரி மொழியில் அப்பெயருக்குக் கொடை என்று பொருள். அதில் எஸ்ஆர்யூ வாயில் உள்ளேயே அமைந்திருக்கிறது, நிறுவுபவர் திறந்துவிடும் வரை மூடிக்கிடக்கிறது. ஆகவே நாங்கள் வேண்டுவது புதிய செலவினம் எதுவும் அன்று; இப்போதுள்ள செலவிலும் எங்களுக்குப் பங்குண்டு. 1948-ஆம் ஆண்டுப் பொதுநூலகச் சட்டத்தின்கீழ்ச் சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலகவரி வசூலாகிறது. வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்து வாங்குகிறார் என்பது ஓர் அறையில் அறுவராய்க் குடியிருக்கும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

வாயில் திறந்தபின்னும் தமிழுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ என்பதன் முதலெழுத்தை ஒருங்குறியில் இரு விதமாக எழுதலாம்: ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்தும் எழுதலாம். கண்ணுக்கு வேற்றுமை சிறிதும் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கக் கற்பிக்கப்படாத கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஔவையாரைத் தேடுவோர் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்தடித்து, நூலே இல்லை என்ற விடை பெற்றுத் திரும்புவதும் இவ்வகைதான். ஆங்கில எழுத்தில் மட்டும் தலைப்பைப் பதிந்துவைக்கும் வழக்கம் இதனினும் துன்பம் தருவது. பதிவேட்டில் மூல எழுத்துக்கென்றே 880 என்னும் புலம் இருக்கையில் அதைக் காலியாக விடுவதற்குக் காரணம் எங்களுக்கு விளங்கவில்லை. நிரல் எழுதத் தெரிந்த எங்கள் அங்கத்தினர்கள் இவற்றைச் சீர்செய்ய ஊதியமின்றி உழைக்கச் சித்தமாயிருக்கிறார்கள்.

ஆட்சேபங்களை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. கணினிக்குப் பொறுப்பானவரின் அனுமதியின்றி அதிலிருந்து தரவை எடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43-ஆம் பிரிவில் குறிப்பிடுகிறது. எனவே ‘பொதுச்சொத்து’ என்று சொல்லிக்கொண்டு சாளரத்தின் வழியே ஏறிக்குதிப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. நூலகம் விதிக்கும் வேகவரம்பு எதுவாயினும் சம்மதம். யார் எந்த நூலை இரவல் பெற்றார் என்ற விவரம் அவ்வாயில் வழியே ஒருபோதும் வெளிவரலாகாது என்பதில் எங்களுக்கு இருக்கும் பிடிவாதம் நூலகத்தாருக்கு இருப்பதினும் குறைந்ததன்று. தொழிற்சங்கத்தைப் பற்றியோ தொழிலாளர் சட்டத்தைப் பற்றியோ ஒருவர் என்ன படிக்கிறார் என்பது மேற்பார்வையாளர் மேஜைக்குப் போய்ச்சேரும் ஒரு நாளை எங்களால் எளிதில் கற்பனை செய்ய முடிகிறது.

எங்கள் நிரலின் மூலவரிகளை, வினாவுக்கு வினா பத்து விநாடி இடைவெளியும், அனுப்புவோர் யாரென்ற குறிப்பும் சேர்த்துத் திருத்தி, அனுமதி கோரும் கடிதத்துடன் அம்மூன்று நூலகங்களுக்கும் அனுப்பியிருக்கிறோம். மறுமொழி வரும்வரை நிரல் நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும். அதுவரை நோட்டுப்புத்தகத்திலுள்ள நூல்களை, ஏ ஷிஃப்ட்டில் இருக்கும் அங்கத்தினர் ஒருவர், வாரம் ஒருவராக முறைவைத்து, மாலையில் கையாலேயே தேடிக் குழுவில் எழுதுவார்.