‘மிஸ், தண்ணி’ என்று கேட்கத் தெரிந்தால் போதும்

தை பிறந்ததும் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் சாலைகளில் எல்.கே.ஜி. சேர்க்கைப் பதாகைகள் ஏறிவிடுகின்றன. கோடை தொடங்குவதற்குள் பெரும்பாலான தனியார் பள்ளிகளில் இடம் முடிவாகிவிடும். வகுப்பு தொடங்குவதோ ஜூனில். இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் என்ன சொல்லிக் கொடுக்கட்டும் என்று பெற்றோர் நம்மிடம்தான் கேட்கிறார்கள். நாம் சொல்வதை அப்படியே செய்யவும் செய்கிறார்கள். பள்ளி அலுவலக மேசையிலிருந்து ஒரு தாள் போகிறது: ஏ முதல் இஸட் வரை, ஒன்று முதல் இருபது வரை, பத்து நிறம், நாலு வடிவம், இரண்டு ரைம்ஸ், தன் பெயர், அப்பா பெயர், பள்ளியின் பெயர். கோடை முழுவதும் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கிடக்கிறது. மே மாத மதியத்தில் ஒரு மூன்றரை வயதுக் குழந்தை அதன் எதிரே நின்று ஒப்பிக்கிறது.

இந்த இதழைப் படிக்கும் மழலையர் வகுப்பு ஆசிரியர்களிடமும் பள்ளி முதல்வர்களிடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். இந்த ஆண்டு அந்தத் தாளைப் புதிதாக எழுதுங்கள். அதன் முதல் வரியில் இந்தக் கேள்வி இருக்கட்டும்: தனக்கு வேண்டியதை, வீட்டார் அல்லாத ஒரு பெரியவரிடம், தன் வாயால் கேட்கக் குழந்தைக்குத் தெரியுமா?

முதல் வாரத்து வகுப்பை நினைத்துப் பாருங்கள். இருபது வரை எண்ணத் தெரியாததால் எந்தக் குழந்தையும் அழுவதில்லை. தாகம் எடுக்கிறது, பாட்டிலைத் திறக்க முடியவில்லை, யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் அழுகிறது. சிறுநீர் முட்டுகிறது, சொல்லத் தயங்கி அடக்குகிறது, பிறகு உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துவிட்டுக் கூசிப்போகிறது. மறுநாள் காலை வேன் ஹாரன் கேட்டதும் ‘வயிறு வலிக்குது’ என்கிறது. ரைம்ஸை நடிப்போடு சொல்லி எல்லாரையும் அசத்திய பிள்ளைக்கும் இதே கதிதான்.

வீட்டில் கேட்க வேண்டிய தேவையே அதற்கு வந்ததில்லை என்பது காரணம். முகம் வாடினால் தண்ணீர் வருகிறது. கால் மாற்றி நின்றால் பாட்டி தூக்கிக்கொண்டு ஓடுகிறார். இலை நகர்வதற்குள் அடுத்த வாய் ஊட்டப்படுகிறது. எல்லாம் பாசம்தான், அதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் முப்பது பிள்ளைகள் உள்ள அறையில் ஒவ்வொரு முகத்தையும் படிக்க எந்த ஆசிரியராலும் முடியாது. ஆகவே பெற்றோரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் சொம்பு கண்ணில் படும்படி இருக்கட்டும், வாய் திறந்து கேட்கும்வரை எடுத்துக் கொடுக்காதீர்கள். தெருமுனைக் கடைக்குக் கூட்டிப்போய் ‘அண்ணா, ஒரு பால் பாக்கெட்’ என்று குழந்தையையே கேட்க வையுங்கள். பக்கத்து வீட்டு அத்தையிடம் பந்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி வரட்டும். அடுக்ககத்துப் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு மிகக் குறைவு. லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி, மாலில் இறங்கும் குழந்தை வெளியாரிடம் ஒரு வார்த்தை பேசாமலே மூன்று வயதைத் தாண்டிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான வேலை ஒன்றும் வீடுகளில் நடக்கிறது. ‘சேட்டை பண்ணினா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்’, ‘ஸ்கூல்ல போட்டா தெரியும், மிஸ் அடிப்பாங்க’ என்று சாதம் ஊட்டும்போதெல்லாம் மிரட்டுகிறார்கள். ஜூன் மாதம் நாம் அந்தக் குழந்தையின் முன் போய் நிற்கும்போது, ஓராண்டாக அது பயந்துகொண்டிருந்த ஆள் நாம்தான். அப்புறம் எப்படி நம்மிடம் தண்ணீர் கேட்கும்? சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம், குறிப்பாகத் தாத்தா பாட்டியிடம், இதைத் தன்மையாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும்.

மொழி பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. சேர்க்கை உறுதியான நாளிலிருந்து பல வீடுகளில் திடீரென்று ஆங்கிலம் தொடங்குகிறது. ‘வாட்டர் குடி’, ‘ஹேண்ட் வாஷ் பண்ணு’, ‘ஷூ வேர் பண்ணிக்கோ’. பெற்றோரே தடுமாறும் மொழியில் குழந்தையோடு பேசினால், பேச்சு கட்டளையாகச் சுருங்கிவிடுகிறது. கதை நின்றுபோகிறது. ‘ஏம்மா அந்த நாய் தனியாப் போகுது?’ என்ற கேள்விக்குப் பதிலும் நின்றுபோகிறது. மூன்று வயதில் குழந்தைக்கு இருக்கும் முதல் எல்லாம் வீட்டு மொழிதான். அதில் கேட்கவும் மறுக்கவும் சண்டை போடவும் தெரிந்த பிள்ளை அடுத்த மொழியைத் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், நீங்கள் உங்கள் மொழியில் நிறையப் பேசுங்கள் என்று பள்ளிதான் சொல்ல வேண்டும். நாம் சொன்னால் நம்புவார்கள்.

நம் பகுதியில் இது தமிழோடு முடியும் சங்கதியும் அல்ல. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியானது. அதன் எல்லைக்குள் விமானப்படைத் தளத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. சானடோரியம் மெப்ஸ் வளாகத்தில் ஷிஃப்ட் வேலைக்கு வரும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ஓ.எம்.ஆர். அலுவலகங்களுக்குப் போகிறவர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே வகுப்பில் ஒரு குழந்தைக்குத் தண்ணி, ஒன்றுக்கு நீள்ளு, இன்னொன்றுக்குப் பானி. சேர்க்கைப் படிவத்தில் ஆதார் எண், ரத்தப் பிரிவு, சாதிச் சான்று எல்லாம் கேட்கிறோம். சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதை உங்கள் குழந்தை எப்படிச் சொல்லும் என்று கேட்கிறோமா? பசி, வலி, பயம் ஆகியவற்றுக்கு அது என்ன சொல்கிறது? எது கிடைத்தால் தூங்கும்? அரைப் பக்கம் போதும். அதை வகுப்பாசிரியரும் ஆயாம்மாவும் பள்ளி திறக்கும் முன்பே படித்திருக்க வேண்டும். ஆயாம்மாவைச் சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு: பெரும்பாலான பிள்ளைகள் முதலில் வாய் திறப்பது அவரிடம்தான்.

பென்சிலுக்கு வருவோம். பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. எக்ஸ்ரே எடுத்தால் மூன்று வயதில் பொதுவாக மூன்று எலும்புகள்தான் தெரியும். ஏழாவது தெரிய ஆறேழு வயதாகும். எட்டாவது அதற்கும் பிறகு. மூன்று விரல்களால் பென்சிலைப் பிடித்து விரல்களை மட்டும் அசைத்து எழுதும் பிடி பெரும்பாலோருக்கு நாலரை வயதிலிருந்து ஆறு வயதுக்குள் அமைகிறது. இந்தக் கையில் கோடைக் காலத்தில் நான்குவரி நோட்டைத் திணிக்கச் சொல்கிறோம். அதிலும் ‘அ’வில் தொடங்கி. சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த எழுத்து அது. ‘ட’வும் ‘ப’வும் கோட்டிலேயே முடிந்துவிடும். 247 எழுத்துகளுக்கும் பின்னால் காலம் இருக்கிறது. விஜயதசமி அன்று மடியில் உட்கார வைத்து, பச்சரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து ஓர் எழுத்து எழுத வைக்கும் நம் வீட்டு வழக்கத்தில் கருவி விரல்தான், பென்சில் இல்லை. அந்த வயதுக்கு அதுவே சரி.

மரியா மாண்டிசோரி இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்தபின்தான் அவர் பிள்ளைகள் கையில் எழுதுகோல் போனது. 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் அவர் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லம், பகலெல்லாம் வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்கானது. மெப்ஸ் ஷிஃப்டுக்கு ஓடும் தாய்மாரின் பிள்ளைகளை அறிந்த நமக்கு அந்தச் சூழல் புதிதல்ல. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அவர் சென்னை வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். நம் பகுதிக்கு இவ்வளவு அருகில் நடந்த அந்தப் பயிற்சியில் முதலிடம் பெற்றவை அன்றாட வேலைகள்: ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் நீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, துணி மடிப்பது, மேசை துடைப்பது. இன்று மாண்டிசோரி என்ற பெயர் தெருவுக்கு ஒரு பலகையில் இருக்கிறது. நீர் ஊற்றும் குவளை எத்தனை இடத்தில் இருக்கிறது? வீட்டில் இதற்கு ஒரு பைசா செலவில்லை. பட்டாணி உரிக்கட்டும், சப்பாத்தி மாவைப் பிசையட்டும், கொடியில் காயும் கைக்குட்டைக்கு கிளிப் போடட்டும். பென்சில் பிடிக்கத் தேவையான விரல் வலு இவற்றில்தான் வருகிறது.

கழிப்பறையும் டிஃபன் பாக்ஸும் சிறிய விஷயங்களாகத் தோன்றும். நம் அனுபவத்தில் முதல் மாதத்தின் பாதி அவற்றில்தான் போகிறது. அடுக்ககத்துக் குழந்தைக்கு வெஸ்டர்ன் மட்டும் தெரியும். பள்ளியில் இந்திய முறைக் கழிப்பறை. குந்தி உட்காரப் பயந்து மதியம் வரை அடக்கிக்கொண்டிருக்கும். வேறு சில வீடுகளில் இது தலைகீழ். அடக்குவது பழகிப்போனால் மலச்சிக்கல் வரும், சிறுநீர்த் தொற்று வரும். பெண் குழந்தைகளுக்குத் தொற்றின் ஆபத்து அதிகம். பள்ளிக் கழிப்பறை எந்த வகை என்பதைச் சேர்க்கை நாளிலேயே காட்டி, இரண்டு மாதம் பழக்கச் சொன்னால் எவ்வளவோ வேதனை மிச்சம். அதேபோல, இறுக்கமான கிளிப் வைத்த டப்பா அழகாக இருக்கலாம், குழந்தையால் திறக்க முடியாவிட்டால் அது வேண்டாம். கொக்கியும் ஜிப்பும் வைத்த கால்சட்டையைச் சீருடையாக வைத்திருக்கும் பள்ளிகள் மழலையர் வகுப்புக்கு மட்டுமாவது எலாஸ்டிக்குக்கு மாற வேண்டும்.

தூக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். திரைமுன் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் அது சொல்கிறது. அப்பா சிறுசேரியிலிருந்து வந்து சேர இரவு ஒன்பதரை ஆகும் வீட்டில் குழந்தை பதினொன்றுக்குத்தான் தூங்குகிறது. எட்டு மணி வேனுக்கு அதை எழுப்புவது இருவருக்குமே கொடுமை. மே மாதத்திலேயே படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ள வேண்டும்.

எல்.கே.ஜி. இடத்துக்காகக் குழந்தையிடமும் பெற்றோரிடமும் நேர்காணல் நடத்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்று பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சுமையில்லாக் கல்வி பற்றி ஆராய்ந்த யஷ்பால் குழு, நர்சரி சேர்க்கைக்கான தேர்வுகளையும் நேர்காணலையும் ஒழிக்க வேண்டும் என்று 1993-லேயே பரிந்துரைத்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதைத் தடுக்கிறது. முதல் மீறலுக்கு 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்தவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளவர்களையே குழந்தை என்கிறது, எல்.கே.ஜி.க்குப் பொருந்தாது என்று சிலர் வாதிடலாம். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கூடாத சோதனை மூன்று வயதுக்கு ஆகுமா என்று அவர்களே யோசிக்கட்டும். நேர்காணல் இருக்கும்வரை ஃபிரிட்ஜ் கதவுத் தாளும் இருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழிக்க முடியாது.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை, அதைவிடத் தனியார் பள்ளிகளுக்கு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. 2019-இல் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. பம்மலிலும் அனகாபுத்தூரிலும் தனியார் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் சிலர் அதற்கு முன் ஓராண்டோ ஈராண்டோ அங்கன்வாடியில் இருந்தவர்கள். அந்தக் குழந்தையின் எடை, உயரம், பேச்சு, பயம் எல்லாம் அங்கே ஒருவருக்குத் தெரியும். அவரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிடக்கூடியதை, நாம் முதல் பருவம் முழுக்கத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிறோம்.

கேட்பது பற்றிச் சொல்லும்போது, கேட்க இயலாத பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. மூன்று வயது முடிந்தும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை, ‘அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்’ என்று விட்டுவைக்கிறார்கள். முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். நம் பகுதியிலிருந்து அதிகத் தொலைவில்லாத முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் இளம் குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சி இருக்கிறது. பெயர் சூட்டி நோய் முடிவு சொல்வது நம் வேலையல்ல. பார்த்ததைத் தேதியோடு எழுதி, பெற்றோரைத் தனியே உட்கார வைத்துப் பேசி, அங்கே அனுப்புவது நம் வேலை.

முதல் நாள் வாசலில் ஒரு பொய் நடக்கிறது. வண்டலூர் ஜூவுக்குப் போகலாம் என்று கிளப்பிக்கொண்டு வந்து, பராக்குக் காட்டிவிட்டு நழுவுகிறார்கள். நாமும் கதவைச் சாத்தி அதற்குத் துணைபோகிறோம். சொல்லிக்கொண்டு போனால் குழந்தை அழும், உண்மை. சொல்லாமல் போனால் அடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே அம்மாவின் முந்தானையை விடாது. முதல் வாரம் பாதிப் பாதிப் பிள்ளைகளாக, ஒரு மணி நேரம் மட்டும், வீட்டார் ஒருவர் வராந்தாவில் இருக்க அனுமதித்து நடத்தும் பள்ளிகளில் இரண்டாவது வாரத்து அழுகை வெகுவாகக் குறைகிறது. வேன் ஏற்பாடும் இரண்டாவது வாரத்தில் தொடங்கினால் நல்லது.

ஐப்பசி மழை வந்தால் இன்னொரு முறை இதே வேலை இருக்கிறது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் ஏறி நாள் கணக்கில் விடுமுறை விட்ட ஆண்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். திரும்பி வரும் பிள்ளைகளில் பலர் ஜூன் மாதத்துக்கே போய்விட்டிருப்பார்கள். சிலர் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததைக் கண்டவர்கள். விட்ட பாடத்தைப் பிடிக்க அப்போது அவசரம் வேண்டாம். ஒரு வாரம் அரைநாள் வைத்து, அந்த அரைப் பக்கப் படிவத்தை வெளியே எடுத்து, குழந்தையின் சொற்களை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு வகுப்புக்குள் போங்கள்.